சர்வீஸுக்கு விட்டு எடுத்து ஓய்ந்துபோன டீசல் கார், ஏறிக்கொண்டே போகும் பில்: மதுரையில் யாரிடம் போவது?

ஆனையூர் டீசல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் வாங்கிய பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார். விவகாரம் இன்னும் முடியாததால் கம்பெனி பெயரையோ சர்வீஸ் சென்டர் பெயரையோ இங்கே எழுதவில்லை.

வீடு ஆனையூர். கடை கீழமாசி வீதியில், மளிகை மொத்த வியாபாரம். காலையில் கடைக்கு, ராத்திரி வீட்டுக்கு, கார் ஓடுவது அவ்வளவுதான். எப்போதாவது உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊருக்குப் போவோம். இதுவரை ஓடியது 48,000 கிலோமீட்டர். வாரண்டி முடிந்த கொஞ்ச நாளிலேயே தொல்லை ஆரம்பித்துவிட்டது. டேஷ்போர்டில் மஞ்சள் என்ஜின் விளக்கும் டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கும் சேர்ந்து எரியும். அப்புறம் வண்டியில் இழுவையே இருக்காது. எவ்வளவு மிதித்தாலும் 60-ஐத் தாண்டாது. கப்பலூர் டோல்கேட் தாண்டி நாலுவழிச் சாலையில் ஒருநாள் அப்படி ஆனது. அம்மா பின்சீட்டில். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நெருங்க, நான் இடது ஓரத்துக்கு வந்து சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

சர்வீஸ் சென்டரில் முதலில் மெஷினைப் போட்டு ரீஜெனரேஷன், அதாவது வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கும் வேலை செய்தார்கள், 6,500 ரூபாய். விளக்கு திரும்ப எரிந்தது. ஈஜிஆர் வால்வில் (புகையில் ஒரு பங்கை என்ஜினுக்கே திருப்பி விடுவது) கரி என்று கழற்றிச் சுத்தம் செய்தார்கள், 14,000. திரும்பவும் விளக்கு. என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் இரண்டு போய்விட்டது என்று மாற்றினார்கள், 52,000. அதற்கப்புறமும் அதே விளக்கு. இப்போது டிபிஎஃப் அசெம்ப்ளியையே மாற்ற வேண்டுமாம், எஸ்டிமேட் 1,68,000 ரூபாய்.

"இதை மாற்றினால் நிச்சயமாகச் சரியாகிவிடுமா?" என்று கேட்டேன். "மாற்றிப் பார்த்தால்தான் சார் தெரியும்" என்றார் அட்வைசர். என்னால் ஜீரணிக்க முடியாதது இந்தப் பதில்தான். ஒரு டாக்டர் நோயாளியிடம் இப்படிச் சொல்லிவிட்டு ஆபரேஷன் செய்வாரா? அவர்கள் கற்றுக்கொள்வதற்கு என் கடை வருமானத்தில் ஏன் பில் போட வேண்டும்?

டிபிஎஃப் உண்மையிலேயே போய்விட்டதா என்று வெளியே யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா? இன்ஜெக்டருக்குக் கொடுத்த பணத்தைக் கேட்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழங்காநத்தம் பயணி எழுதியது:

வித்துவிடுங்கள் அண்ணே. டீசலுக்கு இன்னும் ஓரளவு விலை கிடைக்கிறது. விளக்கை அழித்துவிட்டு ஒரு வாரத்துக்குள் தள்ளிவிடலாம். நிம்மதியாக ஒரு பெட்ரோல் வண்டி எடுங்கள்.


மேலூர் டீச்சர் எழுதியது:

விளக்கை அழித்துவிட்டு விற்றால், அதை வாங்குகிறவர் யார்? கடன் வாங்கி முதல் கார் எடுக்கும் ஒரு குடும்பமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கோளாறைச் சொல்லி, அதற்குரிய விலை குறைத்து விற்றால் நியாயம். மறைத்து விற்கச் சொல்லாதீர்கள்.

பெட்ரோல் எடுத்தால் நிம்மதி என்பதும் சரியில்லை. என்னுடையது பெட்ரோல், இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். கோரிப்பாளையத்தில் மேம்பால வேலை நடந்த சமயத்தில் வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்துதான் போக முடியும். அந்த நெரிசலில் என் வண்டியில் திடீரென்று கியரே விழாது. திரையில் பற்சக்கரப் படம் மின்னும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் என்ஜின் மட்டும் உறுமும், வண்டி நகராது. அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். சர்வீஸ் சென்டர்க்காரர் வண்டியை நத்தம் ரோடு பாலத்தில் ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு "எந்தக் குறையும் இல்லை மேடம்" என்கிறார். அந்தப் பாலம் 7.3 கிலோமீட்டர், சிக்னலே கிடையாது. அங்கே எந்த வண்டிதான் நிற்கும்?


செல்லூர் ஸ்பேனர் எழுதியது:

ஆனையூர் அண்ணே, நான் டீசல் மெக்கானிக். முதலில் டிபிஎஃப் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் அங்கே என்ன கேள்வி கேட்பது என்று உங்களுக்கே தெரியும்.

2020 ஏப்ரல் 1-லிருந்து பி.எஸ்.6 கட்டாயம் ஆனதும் டீசல் கார்களில் சைலன்சர் பாதையில் இந்த வடிகட்டி வந்துவிட்டது. உள்ளே தேன்கூடு மாதிரி துளைகள் கொண்ட பீங்கான். புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஓரளவு சேர்ந்ததும் என்ஜின் கம்ப்யூட்டர் கூடுதலாக டீசலைத் தெளித்து, புகையின் சூட்டைச் சுமார் 600 டிகிரி வரை ஏற்றி, அந்தக் கரியை எரித்துவிடும். இதுதான் ரீஜெனரேஷன். இது முழுசாக முடிய வண்டி ஒரே வேகத்தில் இருபது நிமிஷம் போலவாவது ஓட வேண்டும். ஆனையூரிலிருந்து கீழமாசி வீதிக்கு வருவதற்குள் எரிக்க ஆரம்பிக்கும், நீங்கள் கடை வாசலில் அணைத்துவிடுவீர்கள். சாயங்காலமும் இதே கதை. விற்கும்போது "தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்?" என்று கேட்டு, இவ்வளவு குறைவாக ஓடினால் டீசல் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியது ஷோரூம்தான். யாரும் சொல்வதில்லை.

ஆனால் உங்கள் வண்டியில் அது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. மெஷினைப் போட்டு எரித்த பிறகு கொஞ்ச நாளாவது நன்றாக ஓட வேண்டும். 48,000-ல் வடிகட்டியே ஒழிந்துபோவதும் அபூர்வம். எரியாத சாம்பல் சேர்ந்து அடைத்துப்போகப் பொதுவாக லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஆகும்.

கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது ஒரு சின்ன பிரஷர் சென்சார். வடிகட்டிக்கு முன்னால் ஒரு ரப்பர் குழாய், பின்னால் ஒரு குழாய், இரண்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அது அளக்கும். அந்தச் சென்சார் பொய் சொன்னால் காலியான வடிகட்டியையும் நிறைந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும். இதைச் சோதிக்க எதையும் கழற்ற வேண்டாம். சாவியை ஆன் செய்யுங்கள், என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்கேனரில் லைவ் டேட்டாவில் அந்த வித்தியாச அழுத்தத்தைப் பாருங்கள். என்ஜின் ஓடாதபோது புகை ஏது? பூஜ்யம்தான் காட்ட வேண்டும். இருபது, முப்பது மில்லிபார் என்று காட்டினால் வடிகட்டி மேல் பழியைப் போட முடியாது.

இன்னும் இரண்டு விஷயம். என்ஜின் ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள், மேல்கோட்டைத் தாண்டி இருந்தால் உடனே சொல்லுங்கள். இன்ஜெக்டரை மாற்றுமுன் ரிட்டர்ன் லீக் டெஸ்ட் எடுத்தார்களா, ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடித்து அளந்தார்களா என்று கேளுங்கள். பழைய இன்ஜெக்டர்கள் உங்களிடம் இருக்கிறதா?


வில்லாபுரம் வாசி எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு? டிபிஎஃப் உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேரை மாற்றிவிட்டால் விளக்கு ஜென்மத்துக்கும் வராது. நிறைய பேர் செய்கிறார்கள்.


செல்லூர் ஸ்பேனர் எழுதியது:

என் கடைக்கும் இதைக் கேட்டு வருகிறார்கள். நான் செய்வதில்லை. வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அது ஒரு சாக்கு. அதையெல்லாம் விடுங்கள். வடிகட்டி இல்லாத டீசல் வண்டிக்குப் பின்னால் சிம்மக்கல் சிக்னலில் பைக்கில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு நிற்பவரை யோசித்துப் பாருங்கள். அந்தப் புகை அவர்கள் நெஞ்சுக்குள்தான் போகும்.


ஜாப் கார்டு எழுதியது:

நான் ஒரு கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசராகப் பல வருஷம் இருந்தவன், இப்போது வேறு வேலை. "மாற்றிப் பார்த்தால்தான் தெரியும்" என்ற பதில் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். அதை நியாயப்படுத்த வரவில்லை.

நான் இருந்த இடத்தில் நாளைக்கு நாற்பது, ஐம்பது வண்டி வரும். கம்ப்யூட்டர் கோளாறுகளை வேரோடு பிடிக்கத் தெரிந்த மாஸ்டர் டெக்னீஷியன் ஒருவர்தான். மற்றவர்கள் ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன்கள், கெட்டிக்காரர்கள், ஆனால் அவர்களுக்கு ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறியீட்டைப் படிக்கத்தான் நேரம் கொடுப்பார்கள். உதாரணமாக பி2463 என்று வரும். வடிகட்டியில் கரி அதிகம் என்பது அதன் அர்த்தம். அது கம்ப்யூட்டர் என்ன நினைக்கிறது என்பதைத்தான் சொல்கிறது, ஏன் அப்படி நினைக்கிறது என்பதை நாம்தான் தேட வேண்டும். தேடுவதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக்குப் பில்லில் இடம் கிடையாது, பார்ட் மாற்றினால்தான் பில்லில் ஏறும். பார்ட்ஸ் விற்பனைக்கு மாதாமாதம் டார்கெட்டும் உண்டு. ஆக, தேடுகிறவனுக்குத் திட்டு, மாற்றுகிறவனுக்கு இன்சென்டிவ். நான் வெளியே வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் வண்டி விடும்போது சிலதைக் கட்டாயம் கேளுங்கள். ஜாப் கார்டில் (வண்டி விடும்போது போடும் வேலைச் சீட்டு) உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். "நாலுவழிச் சாலையில் 60-க்கு மேல் போகவில்லை, இரண்டு விளக்கும் எரிந்தது" என்று இருக்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டின் அச்சுப் பிரதியைக் கேளுங்கள். அதில் அந்தக் குறியீடு விழுந்த நேரத்தில் வேகம், என்ஜின் சூடு, அழுத்தம் எல்லாம் எவ்வளவு இருந்தது என்ற பதிவும் இருக்கும், அதையும் சேர்த்து வாங்குங்கள். நீங்கள் காசு கொடுத்து மாற்றிய பாகத்தின் பழையது உங்களுக்குச் சொந்தம். வாரண்டியில் மாற்றியதாக இருந்தால்தான் கம்பெனிக்குப் போகும்.

மேலூர் மேடம், உங்களுடையதில் வெறும் ஓட்டிப் பார்த்தல் பிரயோஜனம் இல்லை. ஒரு டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஸ்கேனரை மாட்டிக்கொண்டு, சாயங்காலம் ஆறரை மணிக்கு காளவாசலிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு நீங்களே ஓட்டுங்கள். அந்தக் கியர் பெட்டியில் கிளட்ச் ஆயிலில் மூழ்காத வகையாக இருந்தால், ஊர்ந்து போகும்போது சூடு ஏறிக்கொண்டே போகும். கிளட்ச் சூடு எவ்வளவு, பெட்டிக்குள் ஆயில் அழுத்தம் எவ்வளவு என்று அப்போது பதிவாகும். சூடுதான் காரணமா, கியரை இயக்கும் ஹைட்ராலிக் யூனிட்டில் அழுத்தம் விழுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டுக்கும் செலவு வேறு வேறு. அதுவரைக்கும் முன்னால் இருக்கும் வண்டியை ஒட்டி அங்குலம் அங்குலமாக நகர்த்தாதீர்கள். நாலு மீட்டர் இடம் விட்டு, ஒரே தடவையில் நகர்த்தி நிறுத்துங்கள்.


மேலூர் டீச்சர் எழுதியது:

மிக்க நன்றி சார். இதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகிறேன்.


திருநகர் ஓய்வூதியர் எழுதியது:

தம்பிகளே, எனக்கு என்ஜின் தெரியாது, கணக்கு தெரியும். எஸ்டிமேட்டில் ஜி.எஸ்.டி. எவ்வளவு என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்களுக்கு 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்துவிட்டார்கள். பழைய விகிதத்தில் போட்ட எஸ்டிமேட்டை வைத்துக்கொண்டு பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியில் ரிப்பேர் பார்த்தாலே வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக்கூடாது என்பதும் அந்த உத்தரவில் உண்டு. "வெளியே காட்டினால் வாரண்டி போய்விடும்" என்று பயமுறுத்துகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

1911-ல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் வண்டித் தொழிலைத் தொடங்கிய ஊர் இது. இந்த ஊரில் ஒரு டீசல் வண்டியைப் பார்க்க ஆளில்லை என்று கேட்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.


ஆனையூர் டீசல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செல்லூர் அண்ணே, நீங்கள் சொன்னதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நன்றாக ஏறியிருக்கிறது. மோந்து பார்த்தால் டீசல் வாடை. இன்ஜெக்டர் மாற்றியபோது பாட்டில் டெஸ்ட் எதுவும் எடுத்ததாக பில்லிலும் இல்லை, ஜாப் கார்டிலும் இல்லை. கேட்டதற்கு "ஸ்கேனரிலேயே தெரியும் சார்" என்றார்கள். பழைய இன்ஜெக்டர்கள் டிக்கியில் கிடக்கின்றன. மாற்றிய அன்றைக்கு என் தம்பி பிடிவாதமாகக் கேட்டு வாங்கி வந்தான்.

வெளியில் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரிடம் காட்டினேன். சாவி ஆன், என்ஜின் ஆஃப். அழுத்த வித்தியாசம் 38 மில்லிபார் காட்டுகிறது.


செல்லூர் ஸ்பேனர் எழுதியது:

> அழுத்த வித்தியாசம் 38 மில்லிபார் காட்டுகிறது.

அண்ணே, போதும். என்ஜின் ஓடாமலே 38 என்றால் ஓடும்போது வருகிற ஒவ்வொரு எண்ணிலும் அந்த 38 சேர்ந்துதான் வரும். கம்ப்யூட்டர் எப்போதும் வடிகட்டி நிறைந்துவிட்டது என்றே நினைக்கும். அடிக்கடி எரிக்கப் பார்க்கும். எரிப்பதற்காகத் தெளிக்கும் டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்துவிடும். உங்கள் டிப்ஸ்டிக் ஏறியது அதனால்தான்.

இந்த ஆயிலோடு வண்டியை ஓட்டாதீர்கள். டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போய்விடும், டர்போவும் பேரிங்கும் தேயும். அப்படி ஆனால் 1,68,000 எல்லாம் சின்னத் தொகை ஆகிவிடும்.

சென்சாருக்குப் போகும் இரண்டு குழாயையும் கழற்றி ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். அடைப்போ வெடிப்போ இருந்தால் குழாயை மாற்றினால் போதும். குழாயைக் கழற்றிய பிறகும் 38 நின்றால் சென்சார்தான். புதுசு போட்ட பிறகு ஸ்கேனரில் பூஜ்யத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதை மறந்துவிடுவார்கள். ஆயில் மாற்றும்போது சாம்பல் குறைவாக விடும் ரகம், டப்பாவில் சி3 அல்லது உங்கள் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். சாதா டீசல் ஆயிலை ஊற்றினால் வடிகட்டி நிஜமாகவே அடைத்துப்போகும்.

பழைய இன்ஜெக்டர்களைத் தூக்கிப் போடாதீர்கள். டீசல் பம்ப் பார்க்கும் கடையில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ரிப்போர்ட்டைக் கையெழுத்தோடு வாங்குங்கள்.


ஜாப் கார்டு எழுதியது:

அந்த 38-ஐப் போட்டோ எடுத்தீர்களா? வண்டி எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். சென்சார் மாற்றிய பிறகு அதே நிலையில் பூஜ்யம் காட்டுவதையும் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் எந்த சர்வீஸ் மேனேஜரும் பேச முடியாது.


கே.கே.நகர் வக்கீல் எழுதியது:

நுகர்வோர் வழக்குகள் பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கோபத்தில் "புது வண்டி கொடு" என்று வழக்குப் போடுகிறவர்கள் அதிகம். அது கடினமான பாதை. உற்பத்திக் குறை என்று நிரூபிக்க நிபுணர் அறிக்கை வேண்டும். வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றிக் கொடுக்கும் கடமைதான், அதற்காக முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2006-ல் ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் வாரண்டியும் இல்லை. அதனால் உற்பத்திக் குறையைத் தொடாதீர்கள்.

உங்களுக்கு வலுவாக இருப்பது சேவைக் குறைபாடு. காசு வாங்கிக்கொண்டு, செய்ய வேண்டிய சோதனையைச் செய்யாமல், தேவையில்லாத பாகத்தை மாற்றினார்கள் என்பதுதான் உங்கள் வாதம். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது மதுரை மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, நீங்களே வாதாடலாம். தீர்ப்பு சரியில்லை என்றால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு. அதன் அமர்வு மதுரையிலேயே இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம்.

அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடுகின்றன. கூடவே சர்வீஸ் சென்டருக்கும் கம்பெனிக்கும் டெலிவரி அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம். நடந்ததைத் தேதி வரிசையில் எழுதுங்கள், திட்டாதீர்கள். என்ன தொகை, எதற்காக என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள்.

மேலூர் டீச்சருக்கு ஒரு வார்த்தை. ஓடும் வண்டி நடுரோட்டில் நின்றுபோவது பாதுகாப்புக் குறை. ஒரே மாடலில் பலருக்கு இப்படி வந்தால் அந்த வண்டிகளைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்ய உத்தரவிடும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவில் வந்திருக்கிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன, ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். ஒருவர் எழுதினால் நடக்காது. அதே மாடல் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் புகார் பதிய வேண்டும்.


மேலூர் டீச்சர் எழுதியது:

ஜாப் கார்டு சார் சொன்னபடி சாயங்கால நெரிசலில் ஸ்கேனரோடு ஓட்டினோம். நான் ஓட்ட, டெக்னீஷியன் தம்பி லேப்டாப்போடு பக்கத்தில். சிம்மக்கல் வருவதற்குள் கியர் விழாமல் நின்றுவிட்டது. கிளட்ச் சூடு எல்லைக்குள்தான் இருந்தது, ஆயில் அழுத்தம்தான் சடாரென்று விழுந்தது. அந்தத் தம்பிக்கே முகம் மாறிவிட்டது, "மேடம், இத்தனை நாள் நீங்கள் சொன்னது சரிதான்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அந்தப் பதிவைக் கம்பெனிக்கு அனுப்பினேன். என் வண்டிக்கு வாரண்டி முடிந்து அதிக நாள் ஆகவில்லை, எல்லா சர்வீஸும் அங்கேயே செய்திருக்கிறேன் என்பதால் ஹைட்ராலிக் யூனிட்டின் விலையில் பெரும்பகுதியைத் தாங்களே ஏற்பதாகப் பதில் வந்திருக்கிறது. மீதியும் கூலியும் என்னுடையது. முழுதும் அவர்கள் தர வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனாலும் முதலில் சொன்ன முழு எஸ்டிமேட்டோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல். அதே மாடல்காரர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், வக்கீல் சார் சொன்ன புகாரைச் சேர்ந்து பதிவோம்.


ஆனையூர் டீசல் எழுதியது:

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குழாய் இரண்டும் நன்றாக இருந்தன. கழற்றிய பிறகும் 38 அப்படியே நின்றது. புது சென்சார் 4,800 ரூபாய், வெளி மெக்கானிக் கூலியும் ஆயிலும் தனி. மாற்றி, பூஜ்யம் கற்றுக்கொடுத்து, அப்புறம் மாட்டுத்தாவணியில் ஏறி மேலூர் தாண்டிக் கொட்டாம்பட்டி வரை ஒரே சீராக ஓட்டிவிட்டு வந்தோம். இப்போது என்ஜின் நின்றிருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறது, ஓடும்போதும் அழுத்தம் ஒழுங்கான அளவில் இருக்கிறது. விளக்கு எரியவில்லை. 1,68,000 ரூபாய்க்கு மாற்றச் சொன்ன அந்த வடிகட்டிதான் இன்றைக்கும் வண்டியில் இருக்கிறது.

இன்ஜெக்டர்களை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினோம். ஒன்று உண்மையிலேயே அளவுக்கு மேல் திருப்பி விடுகிறது, அதை மாற்றியது சரிதான். இன்னொன்றில் எந்தக் குறையும் இல்லை. ரிப்போர்ட் கையில் இருக்கிறது. அதனால் இரண்டுக்கும் பணம் கேட்கப் போவதில்லை. ஒரு இன்ஜெக்டருக்கு 26,000, விளக்கை நிறுத்தாத ரீஜெனரேஷனுக்கு 6,500, இவ்வளவுதான் கேட்டு ஸ்பீட் போஸ்ட் அனுப்பினேன். ஈஜிஆரில் கரி இருந்திருக்கலாம், அதை விட்டுவிட்டேன்.

அவர்கள் போனில் கூப்பிட்டு, அடுத்த சர்வீஸில் 25 சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். எழுத்தில் தரச் சொன்னேன், தரவில்லை. எனக்குத் தள்ளுபடி வேண்டாம். கடையில் ஒருவருக்குத் தவறான சரக்கு போய்விட்டால் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்கிறேன், இத்தனை வருஷமாக அப்படித்தான் நடத்துகிறேன். அதையேதான் அவர்களிடமும் கேட்கிறேன். பதினைந்து நாள் முடிந்ததும் ஆணையத்தில் தாக்கல் செய்யப் போகிறேன்.

வக்கீல் சார், டெஸ்ட் பெஞ்ச் கடைக்காரர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்குமா? அவர் கொஞ்சம் தயங்குகிறார்.


கே.கே.நகர் வக்கீல் எழுதியது:

பெரும்பாலும் பிரமாண வாக்குமூலம் எழுத்தில் கொடுத்தால் போதும். இந்த ஆணையங்களில் சாட்சியம் அதிகமும் அப்படித்தான் போகிறது. எதிர்த்தரப்பு கேள்வி கேட்க விரும்பினால் அதையும் எழுத்தில் கேட்கச் சொல்லலாம். ரிப்போர்ட்டில் இன்ஜெக்டரின் வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது பில்லில் உள்ள வேலையோடும் உங்கள் வண்டியோடும் பொருந்த வேண்டும். பொருளையும் சீல் வைத்து பத்திரமாக வைத்திருங்கள், ஆணையம் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். ஒரிஜினல் பில்கள் உங்களிடம் இருக்கட்டும், நகல்தான் தாக்கலுக்கு. 25 சதவீதம் என்று பேசிய போன் அழைப்பின் தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள், மனுவில் சேர்ப்போம்.


வில்லாபுரம் வாசி எழுதியது:

ஆனையூர் அண்ணே, அந்த ஸ்கேனர்க்காரர் கடை எந்தப் பக்கம்? என் மச்சான் வண்டியிலும் இதே விளக்குதான். வடிகட்டியை உடைக்க நாள் குறித்து வைத்திருந்தோம். முதலில் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிடுகிறோம்.


ஆனையூர் டீசல் எழுதியது:

தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். போகும்போது ஆயில் டிப்ஸ்டிக்கையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், வருவார்.